நீக்கு என்றால் நீங்குமா?

கணிப்பொறிக்குள் ஒரு மென்பொருளைக் கொண்டுவருவது இன்று மிக எளிதான செயலாகிவிட்டது. லினக்ஸ் குடும்பத்தைச் சேர்ந்த டெபியன் என்னும் இயக்குதளத்தை வைத்திருப்பவர் முனையத்தைத் திறந்து ஒரே ஒரு வரியைத் தட்டினால் போதும். வேண்டிய மென்பொருளும், அது இயங்கத் துணையாக வேண்டிய பிறவும், எங்கோ உள்ள களஞ்சியத்திலிருந்து வந்து தத்தம் இடத்தில் அமர்ந்துகொள்கின்றன. இதைப் பற்றி விளக்காத கையேடு இல்லை. ஆனால் வந்ததைத் திருப்பி அனுப்புவது எப்படி? இங்கே கையேடுகள் பெரும்பாலும் அரை வரியோடு நின்றுவிடுகின்றன. நிறுவுவதற்கு 'இன்ஸ்டால்' என்ற கட்டளை, நீக்குவதற்கு 'ரிமூவ்' என்ற கட்டளை, அவ்வளவுதான் என்கின்றன. அவ்வளவுதானா என்று பார்ப்போம்.

எல்லாக் கருவிகளையும் ஒரே கட்டுரையில் எடைபோட இயலாது. ஆதலால் ஆப்ட் என்னும் ஒரு கருவியை மட்டும் எடுத்துக்கொள்வோம். டெபியனுக்காக ஆக்கப்பட்ட இக்கருவி, 1999 மார்ச்சில் வெளிவந்த அதன் 2.1 ஆம் பதிப்பில் இடம்பெற்றது. உபுண்டு, மின்ட் முதலியனவும், சென்னையிலுள்ள சி-டாக் உருவாக்கி 2007 இல் வெளியிட்ட பாஸ் லினக்ஸும் டெபியனின் வழிவந்தவையே. அவற்றைப் பயன்படுத்துவோர் கையில் இருப்பதும் இதே கருவிதான். ஒரு குறிப்பு: கட்டளைகளை இங்கே தமிழ் எழுத்தில் அச்சிட்டிருக்கிறோம். முனையத்தில் ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் தட்ட வேண்டும். முன்னால் 'சூடோ' என்ற சொல்லையும் சேர்க்க வேண்டும். பொறியின் முழு அதிகாரத்தோடு இதைச் செய் என்பது அச்சொல்லின் பொருள். அந்த அதிகாரம் எத்தகையது என்பது போகப்போகத் தெரியும்.

பொதியும் பட்டியலும்

ஒரு மென்பொருளின் கோப்புகளை ஒன்றாகக் கட்டி, மேலே ஒரு சீட்டையும் ஒட்டி வைத்த மூட்டையைப் பேக்கேஜ் என்பர். தமிழில் பொதி எனலாம். டெபியன் பொதிக்குள் மூன்று உறுப்புகள் உண்டு. ஒன்று, பொதி எந்த முறைப்படி கட்டப்பட்டது என்பதைக் குறிக்கும் மிகச் சிறிய கோப்பு. மற்றொன்று உண்மையான சரக்கு. மூன்றாவது கட்டுப்பாட்டுப் பகுதி. பொதியின் பெயர், பதிப்பு எண், எந்தெந்தப் பொதிகள் உடன் இருந்தால்தான் இது இயங்கும் என்ற சார்புப் பட்டியல் ஆகியவை அதில் இருக்கும். இவற்றோடு நான்கு சிறு நிரல்களும் இருக்கலாம். சரக்கைப் பிரிக்கும் முன் ஓடுவது ஒன்று, பிரித்த பின் ஓடுவது ஒன்று, நீக்கும் முன் ஒன்று, நீக்கிய பின் ஒன்று. இந்த நான்கையும் வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். சிக்கலின் பாதி இங்கேதான் இருக்கிறது.

பொதியைப் பிரித்து அடுக்கும் வேலையைச் செய்வது டிபிகேஜி என்னும் அடித்தளக் கருவி. எந்தப் பொதியிலிருந்து எந்தக் கோப்பு எந்த அடைவுக்குப் போயிற்று என்று அது பட்டியல் எழுதி வைத்துக்கொள்ளும். அதற்கு மேல் அமர்ந்திருக்கும் ஆப்ட், எவை வரவேண்டும், எவை எவற்றோடு பொருந்தா, எந்த வரிசையில் பிரிக்க வேண்டும் என்று கணக்கிட்டுச் சொல்லும். 2025 ஆகஸ்டில் வெளிவந்த டெபியன் 13 இல் ஏறத்தாழ 70,000 பொதிகள் உள்ளன. இவற்றுள் எவை ஒன்றோடொன்று ஒத்துவரும் என்று காண்பது, கணிப்பியலார் மிகக் கடினமானவை என்று வகைப்படுத்தியுள்ள கணக்குகளின் இனத்தைச் சேர்ந்தது. அதை ஆப்ட் ஓரிரு நொடிகளில் முடித்துத் தருகிறது. குறை சொல்லப் புகுமுன் இந்தப் பாராட்டைச் சொல்லிவிடுவதே முறை.

பட்டியல் எழுதி வைப்பது சிறிய காரியமாகத் தோன்றலாம். அது இல்லாத காலத்தை எண்ணிப் பாருங்கள். மூல நிரலை வாங்கி, பொறிமொழிக்கு மாற்றி, 'மேக் இன்ஸ்டால்' என்று தட்டுவார்கள். நூறு கோப்புகள் பத்து அடைவுகளில் சிதறி அமரும். எவை எங்கே சென்றன என்று எழுதி வைப்பார் எவரும் இல்லை. நிரலை எழுதியவர் நீக்கும் வழியையும் சேர்த்து எழுதியிருந்தால் பிழைத்தோம்; இல்லையேல் ஒவ்வொன்றாகத் தேடிப் பிடிக்க வேண்டியதுதான். வந்த விருந்தாளியின் பெயரே தெரியாதபோது அவரை எப்படி வழியனுப்புவது? இன்றும் பல தளங்கள், இணையத்திலிருந்து ஒரு நிரலை இழுத்து அதை நேரே முழு அதிகாரத்தோடு ஓடவிடும் ஒற்றை வரியைக் கொடுத்து, இதைத் தட்டினால் போதும் என்கின்றன. அது பழைய நோய்தான்; உடுப்பு மட்டும் புதிது.

ஒரு சான்று

கல்லூரி மாணவி ஒருவர் தம் ஊர் நூலகத்தின் உறுப்பினர் பட்டியலைக் கணிப்பொறியில் ஏற்றித் தருவதைச் செயல்திட்டமாக எடுத்துக்கொள்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பெயர், முகவரி, தொலைபேசி எண், யார் எந்தப் புத்தகத்தை எடுத்துச் சென்றார் என்ற விவரம் எல்லாம் அதில் உண்டு. அவரிடம் இருப்பது டெபியன் 13. தரவுகளைச் சேமித்து வைக்கப் போஸ்ட்கிரெஸ்கியூஎல் என்னும் தரவுத்தள மென்பொருளைத் தேர்ந்தெடுக்கிறார். 'ஆப்ட் இன்ஸ்டால் போஸ்ட்கிரெஸ்கியூஎல்' என்று தட்டுகிறார். துணைப் பொதிகளோடு அது வந்து இறங்குகிறது. பிரித்த பின் ஓடும் நிரல், தரவுத்தளம் ஒன்றைத் தொடங்கி, சேவையையும் இயக்கிவிடுகிறது. மாணவி வேறெதுவும் செய்ய வேண்டியதில்லை.

திட்டம் முடிகிறது. மடிக்கணினியை வேறொருவருக்குக் கொடுக்க வேண்டியிருக்கிறது. கையேட்டில் படித்தபடி 'ஆப்ட் ரிமூவ் போஸ்ட்கிரெஸ்கியூஎல்' என்று தட்டுகிறார். ஒரு பொதி நீக்கப்படும் என்று முனையம் சொல்கிறது, சரி என்கிறார், நீக்கப்பட்டுவிடுகிறது. பிழைச் செய்தி ஏதும் இல்லை. மாணவி நிம்மதியாக முனையத்தை மூடுகிறார்.

தரவுத்தளமோ முன்போலவே ஓடிக்கொண்டிருக்கிறது!

காரணம் இது. போஸ்ட்கிரெஸ்கியூஎல் என்ற பெயருடைய பொதிக்குள் தரவுத்தளம் இல்லை. அது ஒரு கைகாட்டிப் பலகை மட்டுமே. 'போஸ்ட்கிரெஸ்கியூஎல்-17 என்ற பொதி எனக்குத் தேவை' என்று சொல்வதே அதன் வேலை. டெபியன் 12 இல் அதே பலகை 15 ஆம் பதிப்பைக் காட்டிற்று. எண் மாறினாலும் பெயர் மாறாமல் இருக்க வேண்டும் என்பதற்காக இப்படி அமைத்தார்கள். நிறுவும்போது இந்த ஏற்பாடு அருமையாக வேலை செய்கிறது: பலகையைக் கேட்டால் ஊரே வந்துவிடுகிறது. நீக்கும்போது பலகையைப் பிடுங்கினால் பலகை மட்டும்தான் போகிறது.

சரி, இப்படித் துணையாக வந்து பின்னர் தேவையற்றுப் போனவற்றை நீக்குவதற்கென்றே 'ஆட்டோரிமூவ்' என்ற கட்டளை உண்டே எனலாம். உண்டு. எந்தப் பொதியை நீங்கள் பெயர் சொல்லிக் கேட்டீர்கள், எது துணைக்காகத் தானே வந்தது என்பதை ஆப்ட் குறித்து வைத்துக்கொள்கிறது. கேட்டவர் போய்விட்டால் துணைக்கு வந்தவரையும் அனுப்பலாம் என்பது அதன் தருக்கம். ஆனால் இந்தத் தரவுத்தளத்தை அக்கட்டளையும் தொடாது. இப்பொதிகளைப் பேணுவோர், 'இவற்றைத் தானே நீக்காதே' என்று ஆப்டின் அமைப்பில் ஒரு தடையை எழுதி வைத்திருக்கிறார்கள். அதற்கும் தக்க காரணம் உண்டு. டெபியன் 12 இலிருந்து 13 க்கு மாறும்போது கைகாட்டிப் பலகை 15 ஐ விட்டு 17 ஐக் காட்டத் தொடங்கும். உடனே 15 ஆம் பதிப்பு தேவையற்றது என்று ஆப்ட் முடிவுகட்டி நீக்கிவிட்டால், பழைய தரவுகளைப் படித்துப் புதியதற்கு மாற்றும் கருவி கைவிட்டுப் போய்விடும். தடை இருப்பதே நல்லது.

ஆகவே மாணவி எண்ணோடு சேர்த்து 'ரிமூவ் போஸ்ட்கிரெஸ்கியூஎல்-17' என்று தட்ட வேண்டும். அப்போதுதான் சேவை நிற்கும். நிரல் கோப்புகள் போகும். தரவுகள்? அவை அப்படியே இருக்கின்றன. நூலக உறுப்பினர்களின் பெயர்களும் எண்களும் 'வார்' என்னும் அடைவுக்குள் கலையாமல் கிடக்கின்றன. 'ரிமூவ்' என்பதற்குப் பதில் 'பர்ஜ்' என்ற கட்டளையை இட்டால்தான், தரவுகளையும் அழிக்கலாமா என்ற கேள்வியே எழும்.

இந்த ஒவ்வொரு படியையும் தனித்தனியே எடுத்துப் பார்த்தால் குறை காண முடியாது. பலகை வைத்தது சரி. தடை போட்டது சரி. தரவைக் கேளாமல் அழிக்காதது மிகமிகச் சரி. சேர்த்துப் பார்க்கும்போது என்ன ஆகிறது? நீக்கு என்று சொன்னவர் மூன்று இடங்களில் நீக்காமல் விடப்படுகிறார். ஓரிடத்திலும் அது அவருக்குச் சொல்லப்படவில்லை. கருவி பொய் சொல்லவில்லை, ஒரு பொதியை நீக்கினேன் என்றது, நீக்கிற்று. கருவி எண்ணுவது பொதிகளை. கட்டளையிட்டவர் மனத்தில் இருந்ததோ பொதி அன்று, 'அன்றைக்கு நான் செய்ததை இன்றைக்கு இல்லாமல் செய்' என்பதே. இவ்விரண்டுக்கும் இடையே உள்ள தூரத்தை ஆப்டை ஆக்கியவர்கள் நன்கு அறிவர். புதிதாகத் தட்டுகிறவர் அறியார்.

எஞ்சுவன

ரிமூவ், பர்ஜ் என்ற இரு கட்டளைகளின் வேறுபாட்டைச் சற்று விளக்க வேண்டும். 'எட்சி' என்னும் அடைவில் மென்பொருள்களின் அமைப்புக் கோப்புகள் இருக்கும். ரிமூவ் கட்டளை அவற்றைத் தொடாது. பர்ஜ் கட்டளை அவற்றையும் துடைத்துவிடும். ஏன் இப்படி என்பதற்கு ஆப்டின் கையேட்டுப் பக்கமே விடை சொல்கிறது: நீக்கியது தவறுதலாக நடந்திருக்கலாம், ஆகையால் பயனர் திருத்தி வைத்த அமைப்புகளைக் காப்பாற்றி வைக்கிறோம் என்பது அதன் கருத்து. ஒரு பிணைய வழங்கியை மூன்று நாள் போராடி அமைத்தவருக்கு இந்தப் பரிவு எவ்வளவு பெரிது என்பது தெரியும்.

ஃபெடோரா முதலிய தளங்களில் வழங்கும் ஆர்பிஎம் முறை இதே சிக்கலை வேறு விதமாகத் தீர்த்தது. அங்கே நீக்குவதில் இரண்டு வகை இல்லை. அமைப்புக் கோப்பை நீங்கள் தொடவில்லை என்றால் அது பொதியோடு போய்விடும். திருத்தியிருந்தால் மட்டும் 'ஆர்பிஎம்சேவ்' என்ற வால் சேர்ந்த பெயரில் எடுத்து வைக்கப்படும். இதுவே மேலான ஏற்பாடு என்பது என் கருத்து. மனிதர் கைபட்டதற்கும் படாததற்கும் உள்ள வேறுபாட்டை அது மதிக்கிறது. எஞ்சிய கோப்பும் தன் பெயரிலேயே தான் ஒரு மிச்சம் என்பதைச் சொல்லிக்கொண்டு நிற்கிறது. டெபியனில் எஞ்சிய கோப்பு, உயிருள்ள கோப்பைப் போலவே பழைய பெயரில் பழைய இடத்தில் இருக்கிறது.

பர்ஜ் செய்தாலும் போகாதவை உண்டு. உங்கள் வீட்டு அடைவில் மென்பொருள் எழுதி வைத்த எதையும் அது தொடாது. அது நியாயமே, அந்த அடைவு உங்களுடையது. இன்னொன்று சுவையானது. பல சேவைகள் தமக்கென ஒரு பயனர் கணக்கை உண்டாக்கிக்கொள்கின்றன. பொதியைப் பர்ஜ் செய்த பின்னும் அக்கணக்கு பல சமயம் அப்படியே விடப்படுகிறது. ஏன்? கணிப்பொறிக்குப் பயனர் என்பவர் பெயர் அன்று, ஓர் எண். கணக்கை நீக்கிவிட்டால் அந்த எண் நாளை வேறொரு சேவைக்குப் போய்ச் சேரலாம். பழைய சேவை விட்டுச்சென்ற கோப்பு எங்காவது ஒரு மூலையில் கிடந்தால், அது புதியவரின் உடைமையாகிவிடும். இறந்தவர் பெயரில் இருக்கும் பட்டாவை வேறொருவர் பெயரில் தானாக எழுதுவது போன்றது அது. அதைவிட வெற்றுக் கணக்கு ஒன்று இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டிருக்கிறார்கள்.

இவையெல்லாம் எஞ்சும் கோப்புகள், கணக்குகள். பொதிகளே எஞ்சுவதும் உண்டு. அதற்கான காரணம் பலருக்குத் தெரியாது. பொதிகளுக்கிடையே மூன்று தரத்தில் உறவு சொல்லப்படுகிறது. 'இது இன்றி நான் இயங்கேன்' என்பது முதல் தரம். 'இது உடன் இருப்பது நல்லது' என்பது இரண்டாம் தரம். 'இதுவும் இருந்தால் பயன்படலாம்' என்பது மூன்றாம் தரம். ஒரு பொதியை நிறுவும்போது முதல் இரண்டு தரத்து உறவினர் தாமே வந்துவிடுவர். மூன்றாம் தரத்தார் வரமாட்டார்கள். இனி, 'அ' என்ற பொதி 'ஆ' வைக் கட்டாயமாக அழைத்து வருகிறது என்க. ஏற்கனவே பொறியில் இருக்கும் 'இ' என்ற பொதி, 'ஆ' இருந்தால் பயன்படலாம் என்று மூன்றாம் தரத்தில் சொல்லியிருக்கிறது. நீங்கள் 'அ' வை நீக்கி, ஆட்டோரிமூவும் செய்கிறீர்கள். 'ஆ' போகுமா? போகாது. 'இ' அதன் பெயரைச் சொல்லியிருப்பதே காரணம். அழைத்து வருவதற்கு வலிமையற்ற உறவு, போகவிடாமல் பிடித்து நிறுத்த மட்டும் வலிமை பெற்றுவிடுகிறது. இதை மாற்றும் திருகு ஆப்டின் அமைப்பில் உண்டு. ஆனால் வாங்கியபடியே வைத்திருப்பவருக்கு இதுதான் நடைமுறை. நிறுவி, நீக்கி, நிறுவி, நீக்கி ஈராண்டு பழகிய பொறி ஏன் பருத்துக்கொண்டே போகிறது என்பதற்கு இதுவும் ஒரு விடை.

கேள்வியும் விடையும்

நீக்காமல் விடுவதைச் சொன்னோம். கேளாததை நீக்கும் சிக்கலும் உண்டு. கேளாமல் என்று சொல்வது சரியன்று, கேட்டுவிட்டே நீக்குகிறது. ஆனால் எப்படிக் கேட்கிறது?

பெரும்பாலான செயல்களுக்கு முன் ஆப்ட் ஒரு பட்டியலைக் காட்டி, தொடரலாமா என்று கேட்கும். அடைப்புக்குள் 'ஒய்' பெரிய எழுத்திலும் 'என்' சிறிய எழுத்திலும் இருக்கும். ஒன்றும் தட்டாமல் என்டர் விசையை மட்டும் அழுத்தினாலே ஆம் என்று பொருள். ஒரே கேள்வி நூறு முறை வந்து, நூறு முறையும் ஆம் என்பதே சரியான விடையாக இருந்தால், நூற்று ஒன்றாம் முறை எவர் படிப்பார்? கையேடுகள் போதாக்குறைக்கு, கேள்வியே வேண்டாம் என்னும் பொருளில் 'ஒய்' என்ற எழுத்தைக் கட்டளையோடு முன்கூட்டியே சேர்த்துக் கொடுக்கின்றன. படித்தவர் எழுதிய கையேட்டைப் பார்த்துப் படிக்காமலே தட்டப் பழகுகிறார் மாணவர்.

2021 நவம்பரில் இது உலகமே பார்க்க நிகழ்ந்தது. கனடாவைச் சேர்ந்த லைனஸ் செபாஸ்டியன் கணிப்பொறிகளைப் பற்றி ஒளிக்காட்சிகள் வெளியிடுபவர். லினக்ஸைப் படைத்த லைனஸ் டோர்வால்ட்ஸ் வேறு, இவர் வேறு. உபுண்டு வழிவந்த பாப் ஓஎஸ் என்னும் தளத்தில் ஸ்டீம் என்ற விளையாட்டு மென்பொருளை நிறுவ முயன்றார். படத்திரையில் இயலவில்லை. முனையத்துக்குப் போய் ஆப்ட் கட்டளையைத் தட்டினார். அன்று களஞ்சியத்தில் இருந்த பொதிகளிடையே ஒரு முரண் ஏற்பட்டிருந்தது. ஸ்டீம் வரவேண்டுமானால் திரையில் காணும் பணிமேடை முழுவதும் போகவேண்டும் என்று ஆப்ட் கணக்கிட்டுத் தீர்வு கண்டது! நீண்ட பட்டியலைக் காட்டிற்று. இன்றியமையாத பொதிகள் நீக்கப்படும், செய்வது இன்னதென்று தெரியாமல் இதைச் செய்யக்கூடாது என்றும் எச்சரித்தது. 'ஆம், நான் சொல்கிறபடி செய்' என்னும் பொருளுள்ள ஆங்கிலத் தொடரை முழுவதுமாகத் தட்டினால்தான் தொடர்வேன் என்றது. அவர் தட்டினார். பணிமேடை போயிற்று.

எச்சரிக்கையைப் படிக்காதது அவர் குற்றம் என்றனர் ஒரு சாரார். எழுத்து அளவில் அது உண்மையே. ஆயினும் ஒன்றைக் கேட்க வேண்டும். விளையாட்டு ஒன்று வேண்டும் என்று கேட்டவரிடம், வீட்டை இடித்துவிட்டுத் தருகிறேன் என்று சொல்வது ஒரு தீர்வாகுமா? கணக்கின் விதிகளின்படி அது சரியான விடைதான். கணக்கைப் போட்டவருக்கு மனிதர் எதைக் கேட்டார் என்பது தெரியவில்லை என்பதே குறை. ஆப்டை ஆக்குவோரும் வாதாடிக்கொண்டு நிற்கவில்லை. தீர்வு தேடும் பகுதி இன்றியமையாப் பொதிகளை நீக்க இனி முயலாது என்ற மாற்றத்தை அதன்பின் 2.3.12 ஆம் பதிப்பில் செய்தனர். டெபியன் 13 உடன் வந்த 3.0 பதிப்பில், நீக்கப்படுவனவற்றைப் பட்டியலின் கடைசியில், கேள்விக்கு நேர் மேலே, சிவப்பு எழுத்தில் காட்டுகின்றனர். படிக்காதவர் மீதே எல்லாக் குற்றமும் என்றால் இந்த மாற்றங்களுக்குத் தேவையே இருந்திராது.

வேறு வழிகள் உண்டா?

ஃபெடோராவின் டிஎன்எஃப் கருவியில், நீங்கள் இடும் ஒவ்வொரு கட்டளைக்கும் ஓர் எண் கொடுத்து வரலாறு எழுதப்படுகிறது. அந்த எண்ணைக் குறிப்பிட்டு 'ஹிஸ்டரி அன்டூ' என்றால் அன்று வந்தவை போகும், அன்று போனவை வரும். பழைய பதிப்பு களஞ்சியத்தில் இன்னும் இருக்க வேண்டும் என்ற கட்டுப்பாடு உண்டு. இருந்தாலும் கேள்வியை மனிதரின் பக்கத்திலிருந்து கேட்கிறது இக்கருவி. பொதியின் பெயரை அன்று, செயலைக் கேட்கிறது. ஆப்டும் வரலாறு எழுதுகிறது. என்று, எந்தக் கட்டளையால், எவை வந்தன, எவை போயின என்பதெல்லாம் அதன் பதிவேட்டில் இருக்கின்றன. ஆனால் 3.0 பதிப்பில் அதைப் படித்துத் திருப்பிச் செய்யும் கட்டளை இல்லை. கணக்குப் புத்தகத்தை ஒழுங்காக எழுதி அலமாரியில் பூட்டி வைத்த கடைக்காரர் போலத்தான்.

நிக்ஸ் என்னும் முறை இன்னும் வேரிலிருந்து தொடங்கியது. நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் எல்கோ டோல்ஸ்ட்ரா ஆய்ந்து 2006 இல் முனைவர் பட்டத்துக்கு அளித்த கருத்து அது. ஒரு பொதியின் மீது மற்றொன்றை எழுதுவதே இல்லை. ஒவ்வொரு பொதிக்கும், அது எவற்றைக் கொண்டு ஆக்கப்பட்டதோ அவற்றிலிருந்து கணக்கிட்ட கைரேகை போன்ற ஒரு குறியுடன் தனி அடைவு உண்டு. நிறுவுவது என்றால் அந்த அடைவுகளைச் சுட்டும் புதிய தொகுதி ஒன்றை அமைப்பது. நீக்குவது என்றால் அதைச் சுட்டாத இன்னொரு தொகுதியை அமைப்பது. பிடிக்கவில்லையா, முந்தைய தொகுதிக்கே திரும்பலாம். நேற்றைய நிலை உண்மையிலேயே நேற்றைய நிலையாக இருக்கும். இதற்கு விலையாக வட்டில் நிறைய இடம் வேண்டும். கற்பதற்குப் பொறுமையும் நிறைய வேண்டும். பள்ளி மாணவரிடம் இதைக் கொடுக்க நான் துணியமாட்டேன்.

நிக்ஸ் கூட நம் மாணவியின் நூலகப் பட்டியலை ஒன்றும் செய்யாது என்பதையும் சொல்ல வேண்டும். தரவு எந்தப் பொதியிலும் வந்ததன்று. நிரல் ஓடும்போது பிறந்தது. டிபிகேஜியின் பட்டியலிலும் அது இல்லை. ஆகவே தானே அழிக்காமல் இருப்பதே சரி. ஆனால் அது எங்கே இருக்கிறது என்பது பொதியைக் கட்டியவருக்குத் தெரியும். 'நிரல் நீங்கிற்று, அமைப்புகள் இந்த அடைவில் உள்ளன, தரவுகள் அந்த அடைவில் உள்ளன' என்று நீக்கும் வேலையின் முடிவில் ஒரு வரி அச்சிடுவதற்கு என்ன தடை? நீக்கும்போது ஓடும் நிரல்கள் இரண்டு இருக்கின்றன என்று தொடக்கத்தில் சொன்னோமே, அவற்றில் எழுதலாம். இப்போதுள்ள நிலையில், அடைவு காலியாக இல்லை ஆதலால் நீக்கவில்லை என்று ஓடும் எழுத்துகளுக்கு நடுவே சில நேரம் ஒரு வரி வந்து போகிறது. அதைப் பிடித்துப் படிப்பவர் ஏற்கனவே எல்லாம் தெரிந்தவராகத்தான் இருப்பார்.

வாசகர் தாமே ஒரு சோதனை செய்து பார்க்கலாம். 'டிபிகேஜி' என்று தட்டி, இடைவெளி விட்டு, சிறு கோட்டுடன் 'எல்' என்ற எழுத்தைச் சேர்த்தால் பொறியிலுள்ள பொதிகளின் பட்டியல் வரும். அதை ஒரு கோப்பில் சேமித்துக்கொள்ளுங்கள். துணைப் பொதிகள் பலவற்றோடு வரக்கூடிய ஒரு மென்பொருளை நிறுவுங்கள். ரிமூவ், ஆட்டோரிமூவ் இரண்டையும் செய்யுங்கள். மீண்டும் பட்டியல் எடுத்து 'டிஃப்' கட்டளையால் இரண்டையும் ஒப்பிடுங்கள். இரண்டாம் பட்டியலில் சில வரிகளின் தொடக்கத்தில் 'ஆர்', 'சி' என்ற இரண்டு எழுத்துகளைக் காணலாம். பொதி நீக்கப்பட்டது, அமைப்புக் கோப்பு எஞ்சியிருக்கிறது என்பது அவற்றின் பொருள். அப்பெயரைக் குறிப்பிட்டுப் பர்ஜ் கட்டளை இட்டால் அவையும் போகும். இட்ட பின் திரும்பப் பெற வழியில்லை. ஆகவே அந்த அடைவை ஒருமுறை திறந்து பார்த்துவிட்டு இடுங்கள்.

பொறியைப் பிறருக்குக் கொடுக்கப் போகிறீர்கள் என்றால் இதனோடு நிறுத்தக்கூடாது. 'வார்' அடைவுக்குள் உள்ள 'லிப்' அடைவையும், வீட்டு அடைவில் புள்ளியில் தொடங்கும் பெயருள்ள மறைந்த கோப்புகளையும் பார்க்க வேண்டும். பிறருடைய விவரங்கள் எப்போதாவது அப்பொறியில் ஏற்றப்பட்டிருந்தால், இவற்றையெல்லாம் ஒவ்வொன்றாகத் தேடிக்கொண்டிராமல், வேண்டியதைப் படியெடுத்துக்கொண்டு, வட்டை முழுவதும் அழித்து, இயக்குதளத்தைப் புதிதாக நிறுவிக் கொடுப்பதே நல்லது. அதற்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஆகும்.